சரயேவோவில் நாலு நாள்

புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் இல்லை. பதினாலு வருடத் தாம்பத்தியம், மூன்று பிள்ளைகள். அவருக்கு வயது ஐம்பது, அந்தம்மாவுக்கு நாற்பத்தாறு. 1914, ஜூன் 25, வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் சரயேவோ கடைத்தெருவுக்குக் கிளம்பினார்கள். திட்டத்தில் இல்லாத விஜயம். தங்கியிருந்த விடுதியில் சும்மா உட்கார்ந்திருப்பானேன், ஊரைப் பார்த்துவிட்டு வரலாமே என்கிற ஆசை. அவ்வளவுதான்.

சரயேவோ இன்றைக்கு போஸ்னியாவின் தலைநகரம். அன்றைக்கு ஆஸ்திரிய - ஹங்கேரி சாம்ராஜ்யத்தின் தென்கோடியில் இருந்த ஒரு மாகாணத் தலைநகர். நானூறு வருடத்துக்கு மேல் துருக்கியர்கள் ஆண்ட பூமி. பாஷ்சார்ஷியா என்று ஒரு பழைய கடைவீதி அங்கே உண்டு. இப்போதும் இருக்கிறது. செம்பு தட்டுகிற சத்தம், கம்பளக் கடைகள், காப்பி வாசனை, பக்கத்திலேயே 1530-களில் கட்டிய காஜி ஹுஸ்ரெவ் பெக் மசூதி. கொஞ்சம் தள்ளி நடந்தால் ஆர்த்தடாக்ஸ் தேவாலயம், கத்தோலிக்க தேவாலயம், யூதர்களின் வழிபாட்டுக்கூடம். ஐரோப்பாவுக்குள் இப்படி ஒரு கலவையைப் பார்க்க வேண்டுமென்றால் சரயேவோவுக்குத்தான் போகவேண்டும்.

வந்திருப்பது பட்டத்து இளவரசரும் அவர் மனைவியும் என்று தெரிந்ததும் கூட்டம் கூடிவிட்டது. நடக்க இடமில்லை. வாழ்க கோஷம் வேறு. அவர்கள் கடைகடையாக ஏறி இறங்கினார்கள். கைவினைப் பொருட்கள், கம்பளங்கள் என்று பார்த்துப் பார்த்து வாங்கினார்கள். யாரும் கல்லெறியவில்லை. யாரும் முறைக்கக்கூட இல்லை. அந்தக் கூட்டத்தில் ஒல்லியாக, வெளிறிப்போன முகத்துடன் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான் என்று பின்னால் சொன்னார்கள். அவன் பெயர் காவ்ரிலோ பிரின்சிப்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆமாம், முதல் உலகப்போருக்குக் காரணமாக நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்தோமே, அதே ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட்தான். 'அவரும் அவரது மனைவியும் சுட்டுக் கொல்லப்பட்டனர்' என்று புத்தகத்தில் ஒரு வரி வரும். அந்த 'அவரது மனைவியும்' யார்? அவருக்கு அந்த ஊரில் என்ன வேலை? இந்த வாரம் அதைப் பார்க்கலாம்.

சோஃபி சோடெக் என்பது அவர் பெயர். பொஹீமியாவைச் சேர்ந்த பழைய பிரபு குடும்பம். பிரபு குடும்பம்தான், ஆனால் பணம் போதாது. எனவே இஸபெல்லா என்கிற ராஜகுடும்பத்துப் பெண்மணியிடம் அரண்மனைத் தோழியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தோழி என்றால் கௌரவமான வார்த்தை. கூட நின்று, கூட நடந்து, கூப்பிட்டபோது ஓடிவர வேண்டும். அந்த வீட்டுக்கு ஃபெர்டினாண்ட் அடிக்கடி வந்துபோனார். இஸபெல்லாவுக்கு ஒரே சந்தோஷம். வீட்டில் கல்யாண வயதில் பெண்கள் இருக்கிறார்களே! ஒருநாள் டென்னிஸ் ஆடிவிட்டுத் தன் கடிகாரத்தை மறந்து வைத்துவிட்டுப் போனாராம் இளவரசர். அதிலிருந்த சின்ன மூடியைத் திறந்து பார்த்தாராம் இஸபெல்லா. தன் மகளின் படம் இருக்கும் என்று நினைத்த இடத்தில் வேலைக்காரத் தோழியின் படம். அன்றைக்கே சோஃபிக்கு வேலை போயிற்று. இந்தக் கடிகாரக் கதை எத்தனை சதவீதம் நிஜம் என்று கேட்காதீர்கள். அரண்மனைக் கதைகள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். ஆனால் காதல் நிஜம்.

பிரச்னை என்னவென்றால், ஹாப்ஸ்பர்க் குடும்பத்தில் பெண் எடுக்க ஒரு பட்டியல் இருந்தது. ஆளுகிற வம்சமாக இருக்கவேண்டும், அல்லது ஒருகாலத்தில் ஆண்ட வம்சமாகவாவது இருக்கவேண்டும். சோடெக் குடும்பம் அந்தப் பட்டியலில் இல்லை. இத்தனைக்கும் சோஃபி ஒன்றும் தெருவில் போகிறவர் இல்லை. ஆனாலும் 'சம்பந்தம்' ஒத்துவரவில்லை. நமக்கு இதையெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, இல்லையா?

கிழட்டுச் சக்கரவர்த்தி ஃபிரான்ஸ் ஜோசஃப், ஃபெர்டினாண்டுக்குப் பெரியப்பா முறை. முடியவே முடியாது என்றார். சக்கரவர்த்தியின் சொந்தப் பிள்ளை ருடால்ஃப் 1889-ல் தற்கொலை செய்துகொண்டதால்தான் பட்டம் இந்தப் பக்கம் வந்திருந்தது. 'இவளைத் தவிர வேறொருத்தியைக் கட்டமாட்டேன்' என்று ஃபெர்டினாண்ட் ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் ஒரு பேரம் படிந்தது. கட்டிக்கொள். ஆனால் உன் மனைவி ஒருநாளும் மகாராணி ஆகமுடியாது. உன் பிள்ளைகளுக்குச் சிம்மாசனத்தில் பாத்தியதை கிடையாது. இதற்குச் சம்மதித்து, வியன்னா அரண்மனையில், மொத்தக் குடும்பமும் அமைச்சர்களும் பார்த்துக்கொண்டிருக்க, ஃபெர்டினாண்ட் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார். தேதி 1900, ஜூன் 28. இந்தத் தேதியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள், ஜூலை 1-ம் தேதி கல்யாணம். சக்கரவர்த்தி வரவில்லை. மாப்பிள்ளையின் சொந்தத் தம்பிகள்கூட வரவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது வேடிக்கை. அரண்மனை விருந்தில் கணவர் முதல் வரிசையில் போவார். சோஃபி, ராஜகுடும்பத்தின் கடைக்குட்டிப் பெண்ணுக்கும் பின்னால், தனியாக வருவார். நாடகக் கொட்டகையில் ராஜ மாடத்தில் அவருக்கு இடமில்லை. அரச கோச்சு வண்டியில் கணவர் பக்கத்தில் உட்காரக்கூடாது. மற்ற இளவரசிகள் வரும்போது இரட்டைக் கதவு இரண்டும் திறக்கும். இவர் வந்தால் ஒரு கதவுதான் என்பார்கள். பந்தியில் கடைசி இலை என்று நாம் சொல்வோமே, அதைச் சட்டமாகவே எழுதி வைத்திருந்தார்கள். மோன்டெனுவோ என்று ஒரு அரண்மனை அதிகாரி. இதையெல்லாம் ஒரு எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுவதில் அவருக்கு அலாதி ருசி.

வீட்டுக்குள் அவர்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். ஃபெர்டினாண்ட் ஊருக்கு நல்லவர் இல்லை. முன்கோபி. வேட்டைப் பைத்தியம். வாழ்நாளில் சுட்டு வீழ்த்திய பிராணிகளுக்குக் கணக்கு எழுதி வைத்திருந்தார். இரண்டே முக்கால் லட்சத்தைத் தொடுகிறது அந்தக் கணக்கு. காமர்ஸ் படித்தவன் என்பதால் எந்தப் பேரேட்டையும் மரியாதையுடன் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. இது ஒன்றைத்தான் பார்க்கப் பிடிக்கவில்லை. 1893-ல் உலகம் சுற்றிவந்தபோது இலங்கைக்கும் இந்தியாவுக்கும்கூட வந்து நம் காட்டு விலங்குகளையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் போனார். ஆனால் மனைவி, பிள்ளைகள் என்றால் அந்த மனிதர் வேறு ஆள்.

சரி, சரயேவோவுக்கு வருவோம்.

போஸ்னியாவை ஆஸ்திரியா 1878-ல் ஆக்கிரமித்தது. 1908-ல் எங்களுடையதே என்று பட்டயம் போட்டுச் சேர்த்துக்கொண்டது. பக்கத்து நாடான செர்பியாவுக்கு வயிற்றெரிச்சல். போஸ்னியாவில் வசித்த செர்பிய இளைஞர்களுக்கு ஆத்திரம். 1910-ல் கவர்னரை ஒருவன் ஐந்து முறை சுட்டான். ஐந்தும் தப்பியது, ஆறாவதைத் தன்மேலேயே செலுத்திக்கொண்டு செத்தான். அவன் கல்லறைக்கு ரகசியமாகப் போய் வணங்கிவந்த பையன்களில் பிரின்சிப்பும் ஒருவன்.

இந்த ஊருக்கு அருகே ராணுவப் பயிற்சி. பார்வையிட வாருங்கள் என்று கவர்னர் பொட்டியோரெக் கூப்பிட்டார். ஃபெர்டினாண்ட் வருவது ராணுவத்தின் இன்ஸ்பெக்டர் ஜெனரலாக, ராணுவ உடுப்பில். வியன்னா அரண்மனையின் சட்டதிட்டம் இங்கே செல்லாது. அதாவது, சோஃபி தன் கணவர் பக்கத்தில், திறந்த காரில், ஊரே பார்க்க உட்கார்ந்து போகலாம். யாரும் தடுக்கமுடியாது. அபாயம் உண்டு என்று எச்சரித்தவர்கள் இருந்தும் அவர் கிளம்பி வந்ததற்கு இது ஒரு காரணம் என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது முழுக்கச் சரி என்றே தோன்றுகிறது. பதினாலு வருடம் பின்னால் நடந்த பெண்மணி. பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தால் வேண்டாம் என்பாரா?

ஊருக்குச் சில மைல் தள்ளி இலிஜா. வெந்நீர் ஊற்றுகள் இருக்கிற சுகவாசஸ்தலம். அங்கே ஹோட்டல் போஸ்னாவில் தங்கினார்கள். வெள்ளி, சனி இரண்டு நாளும் கணவர் மலையில் பயிற்சி பார்க்கப் போய்விட, மனைவி சரயேவோவைச் சுற்றினார். பள்ளிக்கூடம், அநாதை இல்லம், தேவாலயம், மசூதி. போன இடமெல்லாம் நல்ல வரவேற்பு. குழந்தைகளிடம் பேசினார். அந்தம்மாவுக்கு ஊர் ரொம்பப் பிடித்துவிட்டது.

சனிக்கிழமை ராத்திரி ஹோட்டலில் பெரிய விருந்து. சுனாரிச் என்கிற உள்ளூர் அரசியல்வாதி வந்திருந்தார். இந்தச் சமயத்தில் இளவரசர் இங்கே வரவேண்டாம் என்று முன்கூட்டியே எச்சரித்தவர் அவர். சோஃபி அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: பார்த்தீர்களா, நீங்கள் சொன்னது தப்பு. செர்பியர்கள் உள்பட எல்லோரும் எங்களிடம் எவ்வளவு அன்பாக இருந்தார்கள்! சுனாரிச் சிரிக்கவில்லை. நாளை ராத்திரி உங்களைச் சந்திக்கும்போதும் நீங்கள் இதையே சொல்லவேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொள்கிறேன் என்றார்.

அந்த ராத்திரியே ஒரு யோசனையும் எழுந்தது. பயிற்சி முடிந்துவிட்டது, கடைத்தெரு பார்த்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியை ரத்து செய்துவிட்டு ஊர் திரும்பினால் என்ன? இளவரசருக்கும் அரைமனதுதான். ஆனால் கவர்னரின் ஆட்கள் விடவில்லை. இத்தனை ஏற்பாடு செய்த எங்கள் முதலாளியின் கௌரவம் என்னாவது? குறிப்பாக வற்புறுத்தியவர் கவர்னரின் உதவியாளர் மெரிட்ஸி. இந்தப் பெயரும் ஞாபகமிருக்கட்டும்.

ஏற்பாட்டின் லட்சணத்தைப் பாருங்கள். 1910-ல் சக்கரவர்த்தி வந்தபோது தெருவின் இரண்டு பக்கமும் சிப்பாய்கள் வரிசைகட்டி நின்றார்கள். இப்போது? பயிற்சிக்கு வந்த ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் ஊருக்கு வெளியே. ஊருக்குள் சுமார் 120 போலீஸ்காரர்கள். ஊர்வலம் எந்த வழியாக, எத்தனை மணிக்குப் போகும் என்பது முன்கூட்டியே பத்திரிகையில் வந்துவிட்டது. மக்கள் வந்து நின்று வரவேற்கவேண்டுமாம்! வந்து நின்றார்கள். ஏழு பேர் சும்மா வரவில்லை. பெல்கிரேடிலிருந்து, செர்பிய ராணுவ அதிகாரிகள் சிலர் ரகசியமாகக் கொடுத்தனுப்பிய ஆறு வெடிகுண்டுகளும் நாலு கைத்துப்பாக்கிகளும் அவர்களிடையே இருந்தன. மாட்டிக்கொண்டால் முழுங்க சயனைடும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. ஜூன் 28. ஃபெர்டினாண்ட் சத்தியம் செய்து சரியாகப் பதினாலு வருடம். செர்பியர்களுக்கோ அது 1389-ல் துருக்கியரிடம் கொசோவோ போரில் தோற்ற நாள். புனித நாள், புண் ஆறாத நாள். அந்த நாளில் போய் ஊர்வலமா என்று வியன்னாவில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கிளம்புமுன் மூத்த மகன் மாக்ஸுக்கு ஒரு தந்தி. பையன் பரீட்சையில் நன்றாக எழுதியிருந்தான், அதற்கு வாழ்த்து. வெள்ளை உடை, வெள்ளைத் தொப்பியில் சோஃபி. வெளிர்நீலச் சட்டை, பச்சை இறகு வைத்த தலைக்கவசத்தில் ஃபெர்டினாண்ட். மேல்மூடி மடக்கிய கிராஃப் அண்ட் ஸ்டிஃப்ட் கார். அருகருகே உட்கார்ந்தார்கள். மில்யாட்ஸ்கா ஆற்றங்கரையோரம் ஆப்பெல் கீ என்கிற சாலையில் கார்கள் போயின.

பத்து மணி கடந்த சற்று நேரத்தில் சாப்ரினோவிச் என்கிற பையன் குண்டை வீசினான். அது மடக்கிய மேல்மூடியில் பட்டு எகிறிப்போய், பின்னால் வந்த காருக்கு அடியில் வெடித்தது. பலருக்குக் காயம். அதில் ஒருவர், நேற்று ராத்திரி வற்புறுத்திய அதே மெரிட்ஸி. சாப்ரினோவிச் சயனைடை முழுங்கிவிட்டு ஆற்றில் குதித்தான். விஷம் வேலை செய்யவில்லை, வாந்திதான் வந்தது. கோடை காலம், ஆற்றில் கணுக்கால் அளவுத் தண்ணீர். பிடித்துவிட்டார்கள்.

கார் நேரே நகர மண்டபத்துக்குப் போனது. மேயர் ஃபெஹிம் எஃபெண்டி சுர்சிச் பாவம், குண்டுச் செய்தி தெளிவாகத் தெரியாமலோ, தெரிந்தும் என்ன செய்வதென்று புரியாமலோ, எழுதி வைத்த உரையை அப்படியே வாசிக்க ஆரம்பித்தார். தங்கள் வருகையால் எங்கள் இதயங்கள் மகிழ்ச்சியில் பொங்குகின்றன! இளவரசர் வெடித்துவிட்டார். விருந்தாளியாக வந்தால் குண்டு வீசி வரவேற்கிறீர்களா? சோஃபி குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நிமிஷம் மௌனம். பிறகு, சரி, மேலே படியுங்கள் என்றார். அவர் வாசிக்கவேண்டிய பதிலுரை, குண்டடிபட்ட காரிலிருந்து வந்தது. தாளில் ரத்தக்கறை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே வாசித்து முடித்தார்.

சோஃபி மாடியில் போஸ்னிய முஸ்லிம் பெண்களைச் சந்தித்தார். வெளி ஆண்கள் இல்லாத அறை என்பதால் அவர்கள் முகத்திரையை விலக்கிவிட்டுப் பேசினார்கள். குழந்தைகளைப் பற்றிய பேச்சு. அந்த நாலு நாளில் அந்தம்மாவின் கடைசிப் பேச்சுகளில் அதுவும் ஒன்று.

அடுத்து? அருங்காட்சியகம், கவர்னர் மாளிகையில் சாப்பாடு என்பது திட்டம். இளவரசர் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் மெரிட்ஸியைப் பார்க்கவேண்டும் என்றார். பாதுகாப்பு போதுமா என்று கேட்டவர்களிடம், சரயேவோ என்ன கொலைகாரர்கள் நிறைந்த ஊரா என்று சீறினார் பொட்டியோரெக். குறுகலான ஊர்த்தெருவைத் தவிர்த்து ஆற்றங்கரைச் சாலையிலேயே நேராகப் போவது என்று முடிவாயிற்று. நல்ல முடிவு. சோஃபி வேறு வழியில் போகலாமே என்றார்கள். மாட்டேன், இன்றைக்கு அவர் வெளியே இருக்கும்வரை நானும் பக்கத்தில்தான் இருப்பேன் என்றார்.

நல்ல முடிவுதான். ஆனால் டிரைவர்களிடம் யாரும் சொல்லவில்லை! இம்மாதிரித் தகவல்களைச் சொல்லவேண்டிய வேலை உதவியாளருடையது. உதவியாளர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். எல்லா ஆபீஸிலும் நடக்கிற சமாசாரம் இது. ஒரு ஆள் லீவு போட்டால் அவர் செய்துகொண்டிருந்த வேலை ஒன்று இருந்தது என்பதே மற்றவர்களுக்கு மறந்துபோகும்.

லத்தீன் பாலத்தருகே முன்னால் போன கார் பழைய திட்டப்படி வலதுபக்கம் திரும்பியது. இளவரசரின் டிரைவர் லொய்க்காவும் திரும்பினார். வழி தப்பு, நிறுத்து என்று பொட்டியோரெக் கத்த, லொய்க்கா பிரேக் போட்டார். கார் நின்ற இடம் ஷில்லர் என்பவரின் பலசரக்குக் கடை வாசல். அங்கே, சில அடி தூரத்தில், பிரின்சிப்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். பிரின்சிப் அந்தக் கடையில் சாண்ட்விச் வாங்கித் தின்றுகொண்டிருந்தான், அதனால்தான் உலகப்போர் வந்தது என்று ஒரு கதை ஜோராக உலவுகிறது. சாட்சியங்களில் அப்படி எதுவும் இல்லை. பத்திரிகையில் வந்த பழைய வழி அவனுக்குத் தெரியும். கார் திரும்பி வந்தால் இந்த முனையில்தான் வரும் என்று காத்திருந்தான்.

இரண்டே தோட்டா. ஒன்று சோஃபியின் வயிற்றில். ஒன்று ஃபெர்டினாண்டின் கழுத்தில். காருக்குச் சொந்தக்காரரான ஹராக் பிரபு இளவரசருக்குப் பாதுகாப்பாகக் காரின் படியில் தொற்றிக்கொண்டு வந்தார். ஆனால் இடதுபக்கப் படியில், சுட்டது வலதுபக்கத்திலிருந்து. சோஃபி கணவரின் மடியில் சாய்ந்தார். 'சோஃபி, செத்துவிடாதே, நம் குழந்தைகளுக்காக உயிரோடு இரு' என்று அவர் சொன்னதைக் கேட்டவர் இந்த ஹராக்தான். வலிக்கிறதா என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். பதினொரு மணி வாக்கில் இரண்டு பேரும் இறந்துபோனார்கள்.

அந்தப் பெண்மணியைக் கொல்வது என் நோக்கமில்லை, பொட்டியோரெக்கைத்தான் குறிவைத்தேன் என்று விசாரணையில் சொன்னான் பிரின்சிப். இருபது வயது நிரம்பாததால் தூக்கு இல்லை; இருபது வருட சிறை. 1918 ஏப்ரலில், காசநோயில், சிறையிலேயே செத்தான். செர்பியாவுடன் போர் வேண்டாம் என்று ஆஸ்திரியத் தளபதிகளைத் தடுத்துக்கொண்டிருந்த முக்கியமான ஆள் ஃபெர்டினாண்ட்தான் என்பதை அவன் அறிந்திருக்க நியாயமில்லை. தடுக்க ஆளில்லாமல் சரியாக ஒரு மாதத்தில், ஜூலை 28 அன்று, போர் அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்தில் எம்டன் கப்பல் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்ததும் 'அவன் சரியான எம்டன்' என்று நாம் பேச ஆரம்பித்ததும் இந்தக் கணக்கில்தான் வரும்.

சவப்பெட்டிகள் வியன்னா போய்ச் சேர்ந்தன. அங்கே மோன்டெனுவோ காத்திருந்தார். அரண்மனை தேவாலயத்தில் இரண்டு பெட்டிகளையும் ஒன்றாக வைத்தார்கள். ஆனால் சோஃபியின் பெட்டி ஒரு படி தாழ்வாக. அதன்மேல் வெள்ளைக் கையுறையும் ஒரு விசிறியும். தோழிப் பெண்களுக்கு உரிய அடையாளம் அது என்று அந்தக் காலத்தவர்கள் குறித்திருக்கிறார்கள். செத்த பிறகும் வேலைக்காரத் தோழிதான்.

இப்படித்தான் நடக்கும் என்று ஃபெர்டினாண்டுக்கு முன்னாலேயே தெரியும். ஹாப்ஸ்பர்க் வம்சத்தினருக்கான வியன்னா கல்லறையில் மனைவிக்கு இடம் கிடையாது என்பதால், எனக்கும் வேண்டாம் என்று ஆர்ட்ஸ்டெட்டென் என்கிற தன் சொந்த ஊர்க் கோட்டையில் முன்கூட்டியே கல்லறை கட்டி வைத்திருந்தார். அங்கேதான் இரண்டு பேரும் இருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்தில், ஒரே உயரத்தில். மகன்கள் மாக்ஸும் எர்ன்ஸ்டும் 1938-ல் ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கியபோது அவரை எதிர்த்துப் பேசியதற்காக டச்சாவ் முகாமுக்கு அனுப்பப்பட்டு, உயிரோடு மீண்டார்கள்.

சரயேவோவில் அந்த முனைக்கு வந்த கதை தனி. 1917-ல் தம்பதிக்கு நினைவுச்சின்னம் வைத்தார்கள். போர் முடிந்ததும் அதைப் பிடுங்கி எறிந்தார்கள். 1930-ல் பிரின்சிப்பைப் பாராட்டி ஒரு கல்வெட்டு வந்தது. 1941-ல் நாஜிகள் அதைப் பெயர்த்துக்கொண்டுபோய் ஹிட்லருக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தார்கள். யுகோஸ்லாவியா காலத்தில் பாலத்துக்கே பிரின்சிப் பெயர். அவன் நின்ற இடத்தில் சிமெண்டில் காலடித்தடம். 1992-ல் ஆரம்பித்து கிட்டத்தட்ட நாலு வருடம் நீடித்த முற்றுகையில், செர்பியப் படைகள் மலையிலிருந்து ஊரைக் குண்டால் துளைத்தபோது, அந்தத் தடமும் போயிற்று. தேசிய நூலகமாக இருந்த அந்த நகர மண்டபம் 1992 ஆகஸ்டில் லட்சக்கணக்கான புத்தகங்களோடு எரிந்து, 2014-ல் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. பாலத்துக்கு மறுபடி லத்தீன் பாலம் என்றே பெயர்.

ஷில்லர் கடை இருந்த கட்டடம் இப்போது ஒரு சின்ன மியூசியம். சுவரில் ஒரு பலகை. வீரன் என்றும் இல்லை, கொலைகாரன் என்றும் இல்லை. இன்ன தேதியில், இங்கிருந்து, இன்னார் இளவரசரையும் அவர் மனைவி சோஃபியையும் சுட்டார் என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள்.